ஒசிராக் அணு உலைத் தாக்குதல்

ஈராக் தலைநகர் பாக்தாத்தை அடுத்த துவைத்தாவில் கட்டப்பட்டுவந்த ஒசிராக் ஆய்வு உலையை இஸ்ரேல் விமானப்படை 1981 ஜூன் 7 அன்று குண்டுவீசி அழித்தது. அணு ஆயுதப் பரவலைத் தடுக்க ஏற்றது படைபலமா, ராஜதந்திரமா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் இந்நிகழ்வைச் சான்றாகக் காட்டுகின்றனர்.

பின்னணி

1975இல் பிரான்சுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஈராக் இந்த உலையைப் பெற்றது. அதன் வெப்பத்திறன் 40 மெகாவாட். ஈராக் அதற்கு இட்ட பெயர் தம்மூஸ்-1. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை ஈராக் 1969இலேயே ஏற்றிருந்ததால், உலை சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் சேராத இஸ்ரேலோ, உலையின் உண்மையான நோக்கம் அணுகுண்டுதான் என்றது. 1979 ஏப்ரலில் பிரான்சின் துலோன் நகருக்கு அருகே, அனுப்பத் தயாராக இருந்த உலைப் பாகங்கள் வெடிவைத்துச் சேதப்படுத்தப்பட்டன. 1980 செப்டம்பர் 30 அன்று ஈரான் விமானங்களும் துவைத்தாவைத் தாக்கின.

தாக்குதல்

சினாயிலிருந்த எட்சியோன் தளத்திலிருந்து 8 எஃப்-16 விமானங்களும் துணைக்கு 6 எஃப்-15 விமானங்களும் கிளம்பி, ரேடாரில் சிக்காதபடி தாழப் பறந்து சென்றன. ஒவ்வோர் எஃப்-16 விமானமும் 2,000 பவுண்டு எடையுள்ள இரண்டு குண்டுகளைச் சுமந்தது. குண்டுவீச்சு இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்தது. ஈராக்கியர் 10 பேரும் பிரெஞ்சு தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். உலையில் எரிபொருள் இன்னும் நிரப்பப்படாததால் கதிர்வீச்சு பரவவில்லை. ஜூன் 19 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 487ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றித் தாக்குதலைக் கண்டித்தது. அமெரிக்காவும் அதை ஆதரித்து வாக்களித்தது.

இரகசியத் திட்டம்

உலை மீண்டும் கட்டப்படவில்லை. ஆனால் ஈராக் இயற்பியலாளர் ஜாஃபர் தியா ஜாஃபர் தலைமையில் யுரேனியத்தை இரகசியமாகச் செறிவூட்டும் பணி விரிவடைந்தது. கேலுட்ரான் எனப்படும் மின்காந்தப் பிரிப்புக் கருவிகள் இதற்குப் பயன்பட்டன. துவைத்தாவுக்கு வழக்கமாக வந்துபோன முகமையின் ஆய்வாளர்கள், ஈராக் கணக்குக் காட்டிய பொருள்களை மட்டுமே சரிபார்த்தனர். அதே வளாகத்தின் பிற கட்டடங்களில் நடந்த வேலை அவர்கள் கண்ணில் படவில்லை.

வளைகுடாப் போரில் ஈராக் தோற்றபின், 1991 ஏப்ரலில் வந்த 687ஆம் தீர்மானம் ஆய்வாளர்களுக்குப் பரந்த அதிகாரம் அளித்தது. ஜூனில் பல்லூஜா அருகே கேலுட்ரான் பாகங்களை ஏற்றிச் சென்ற லாரிகளை ஆய்வாளர்கள் படம்பிடித்தபோது, ஈராக் வீரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டனர். செப்டம்பரில் ஆயுதத் திட்டத்தின் ஆவணங்களைக் கைப்பற்றிய ஆய்வுக் குழுவை, பாக்தாத்தின் ஒரு வாகன நிறுத்துமிடத்திலேயே நான்கு நாள் வெளியேற விடாமல் மறித்தனர். ஆவணங்களுடனேயே குழு வெளியேறியது. 1994 பிப்ரவரிக்குள் உயர் செறிவு யுரேனியம் முழுவதும் நாட்டைவிட்டு அகற்றப்பட்டது.

மதிப்பீடு

புளூட்டோனியத்துக்கான வழியைத் தாக்குதல் அடைத்தது என்பது ஆதரவாளர் வாதம். குண்டுக்கான தீவிர முயற்சி அதன்பிறகே முடுக்கிவிடப்பட்டது என்பது எதிர்த்தரப்பின் வாதம். குண்டுவீச்சு, இருப்பிடம் தெரிந்த ஓர் உலையை அழித்தது. கருவிகளையும் ஆவணங்களையும் தேடி எடுத்துத் திட்டத்தைக் கலைத்தது நேரடி ஆய்வு. எனினும் அந்த ஆய்வுக்கு வழிதிறந்தது போர்த்தோல்வியும் பொருளாதாரத் தடையுமே. கணக்கில் காட்டாத இடங்களையும் ஆய்வாளர்கள் அணுகும் வகையில், முகமை 1997இல் மாதிரிக் கூடுதல் நெறிமுறையை ஏற்றது. திட்டம் மீண்டும் உயிர்பெற்றதற்கு ஆதாரமில்லை என்று முகமைத் தலைவர் முகமது எல்பரதேய் 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையிடம் தெரிவித்தார். அதே மாதம் அமெரிக்கா தலைமையிலான படைகள் ஈராக்குக்குள் நுழைந்தன. பின்னர் படையெடுத்த நாடுகளே நடத்திய தேடலிலும் அப்படியொரு திட்டம் அகப்படவில்லை.