குமரிக்கண்டம் எவ்வளவு பெரிசு?

குமரிக்கண்டத்தின் வரைபடத்தைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. இந்தியாவுக்குக் கீழே, ஒரு பக்கம் மடகாஸ்கர், மறுபக்கம் ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரே நிலம். மலை, ஆறு எல்லாம் பெயரோடு போட்டிருப்பார்கள். இந்த உருவம் எங்கிருந்து வந்தது?

மூலம் என்று பார்த்தால் சில வரிகள்தான் நண்பர்களே. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அளவு கொடுப்பவர் அதற்குப் பல நூற்றாண்டு கழித்து உரை எழுதிய அடியார்க்குநல்லார். பஃறுளிக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதமாம். அதற்குள் ஏழ்தெங்க நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று ஏழேழாக 49 நாடுகள்.

இந்த உரையை உ.வே.சா. அச்சில் கொண்டுவந்தது 1892-ல். அதற்கு முன்பே 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர், லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடி, 'லெமூரியா' என்ற மூழ்கிய கண்டத்தைக் கற்பித்திருந்தார். நம்மவர்கள் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். 1946-ல் புலவர் குழந்தை போட்ட படத்தில் மலைத்தொடர்கள்கூட வந்துவிட்டன.

சரி, கணக்குப் போடுவோம் (பி.காம். படிப்பவனுக்கு வேறென்ன தெரியும்!). காவதம், அதாவது காதம், சுமார் 10 மைல் என்கிறது அகராதி. அப்படியானால் 700 காவதம் 7,000 மைல். கன்னியாகுமரியிலிருந்து தென் துருவமே சுமார் 6,800 மைல்தான். நேர் தெற்கே அளந்தால் பாண்டியன் துருவத்தையும் தாண்டி ஆண்டிருக்க வேண்டும்!

'நாடு' என்ற சொல்லைப் பிடித்தால் கதை மாறுகிறது. நம் கொங்கு மண்டலத்துக்குள்ளேயே 24 நாடுகள் சொல்வார்கள். காங்கேய நாடு, பூந்துறை நாடு எல்லாம் ஏறக்குறைய ஒரு தாலுகா. அந்தக் கணக்கில் 49 நாடு என்றால் இரண்டு கொங்கு மண்டலம், அவ்வளவுதான். 1916-லேயே எஸ். சுப்பிரமணிய சாஸ்திரி இன்னும் குறைத்து, மூழ்கியது மொத்தமே ஒரு தாலுகா அளவுதான் என்று எழுதிப் படமும் போட்டார். யார் கேட்டார்கள்? பெரிய படம்தான் ஜெயித்தது.

கண்டங்கள் நகர்கின்றன என்பது 1960-களில் உறுதியானதும் லெமூரியாவை விஞ்ஞானிகள் கைவிட்டார்கள். ஆனால் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்வாக இருந்தது உண்மை. பாக் நீரிணை அப்போது தரை. குமரிமுனைக்குத் தெற்கேயும் கொஞ்சம் நிலம் வெளியே இருந்தது. பிறகு அது கடலுக்குள் போனது. அந்தக் காலத்து ஞாபகமா, பிற்காலத்தில் கடல் புகுந்த ஏதோ ஒரு கரையின் ஞாபகமா, உரையாசிரியர் சொல்லவில்லை.

உரையில் வரும் குறும்பனை என்ற பெயரில் குளச்சல் பக்கத்தில் இன்றும் ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கடல் அதைக் கொண்டுபோகவில்லை.