ஆரோக்கியப்பச்சையும் திசு வளர்ப்பும்



காட்டு மூலிகைகளில் பலவற்றை நாம் பயிர் செய்வதில்லை. பிடுங்கி வருகிறோம், அவ்வளவுதான். போட்டு எடுக்காத பண்டம் எத்தனை நாளைக்கு வரும்? இப்படி அருகிப்போகும் மூலிகையைத் திசு வளர்ப்பினால் காப்பாற்ற முடியுமா என்பதை ஒரு செடியின் வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

அகத்தியர் மலைக்காட்டில் ஓடையோர நிழலில் வளரும் சிறு செடி ஆரோக்கியப்பச்சை. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன், ராஜசேகரன் முதலிய விஞ்ஞானிகள் அந்த மலையில் ஏறினார்கள். வழிகாட்டிகளாக வந்த காணி இன மக்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்னவென்று முதலில் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள்.

ஆராய்ச்சியில் இலையிலும் மருந்துச் சத்து இருப்பது தெரிந்தது. இத்துடன் அசுவகந்தி, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995-ல் செய்முறையைக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று 10 லட்ச ரூபாய்க்குப் பெற்றது. அதில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1997-ல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

மருந்துக்குக் கிராக்கி வந்தால் செடிக்கு ஆபத்துதானே? விலை கிடைக்குமென்று காட்டுச் செடியை வேரோடு கொண்டுபோய்விடுவார்களோ என்று வனத்துறை அஞ்சியது. இந்த இடத்தில்தான் திசு வளர்ப்பு கைகொடுத்தது. 1995-ல் திருவனந்தபுரம் அருகே பாலோடு தாவரவியல் தோட்டத்து விஞ்ஞானிகள் இதன் தண்டு நுனியிலிருந்து கன்றுகளைப் பெருக்கிக் காட்டினார்கள்.

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. செடியின் தனி உயிரணுவுக்கே முழுச் செடியாகும் சக்தி உண்டு என்று 1902-ல் ஹேபர்லாண்ட் எழுதினார். ஆனால் அவர் வளர்த்த உயிரணுக்கள் பெருகவில்லை. எந்த ஊக்கி கூடினால் தளிர் வரும், எது கூடினால் வேர் விடும் என்பதை 1957-ல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் காட்டினார்கள். 1962-ல் முராஷிகி, ஸ்கூக் வகுத்த ஊட்டக் கலவை இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.

வேலை எப்படி என்கிறீர்களா? தளிர் நுனியை நறுக்கி, கிருமி நீக்கி, உப்பும் சர்க்கரையும் ஊக்கியும் கலந்த கூழில் வைக்கிறார்கள். பல தளிர்கள் கிளம்பும். அவற்றைப் பிரித்து வேர் விடச் செய்து, நிழலிலும் ஈரத்திலும் பழக்கி, பிறகு மண்ணில் நடுகிறார்கள். இந்தப் பழக்கும் கட்டத்தில் அசட்டையாக இருந்தால் கன்றுகள் வாடிப்போகும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும். ஒரே நுனியிலிருந்து வந்த கன்றுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு நோய் ஒன்றைத் தாக்கினால் மற்றவற்றையும் தாக்கும். ஆகவே பல இடத்துத் தாய்ச் செடிகளிலிருந்து நுனி எடுக்க வேணும்; காட்டிலுள்ள செடியும் விதையும் நிலைக்க வேணும். காடு போய்விட்டால், அடுத்த நுனிக்கு எங்கே போவது?

ஆகையால், மூலிகைப் பயிர் செய்ய விரும்புகிறவர்கள் நாற்றங்காலில் வளர்த்த கன்றா என்று விசாரித்து வாங்குங்கள். காட்டில் பிடுங்கிய செடி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.