குஷிங் நோய்க்குறி: காரணம் காட்டும் ரத்தப் பரிசோதனைகளின் வரலாறு

முகம் முழுநிலவு போல் உருண்டு போகும். வயிறு பெருத்து, கை கால் மெலியும். தோலில் ஊதா நிறக் கோடுகள் தோன்றும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடும். கார்டிசால் என்னும் ஹார்மோன் உடலில் நெடுநாள் மிகுந்திருப்பதால் வரும் இந்நிலையே குஷிங் நோய்க்குறி. தோற்றம் ஒன்று, காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிய மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், 1910இல் 23 வயதுப் பெண் ஒருவரிடம் இக்குறிகளைக் கண்டு, 1912இல் நூலில் பதிவு செய்தார். 1932இல் 12 நோயாளர்களின் விவரங்களைத் தொகுத்து, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சிறு கட்டியே காரணம் என்றார். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் கட்டியும், நுரையீரல் போன்ற பிற இடக் கட்டியும் இதே நிலையைத் தரும் என்பதும் தெளிவாயிற்று.

பிட்யூட்டரி சுரக்கும் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனே அட்ரினலைத் தூண்டிக் கார்டிசாலைச் சுரக்கவைக்கிறது. கார்டிசால் கூடினால் ஏ.சி.டி.எச். குறையும். இந்த உறவைக் கொண்டு 1960இல் கிராண்ட் லிடில் டெக்சாமெத்தசோன் சோதனையை வகுத்தார். இன்று இரவு 11 மணிக்கு 1 மி.கி. மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே கார்டிசால் இறங்காவிட்டால் நோய் உண்டா என மேலும் ஆராய வேண்டும்.

ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய கதிரியக்க அளவீட்டு முறையால், 1960களில் ரத்தத்தில் ஏ.சி.டி.எச். அளவை அறிய முடிந்தது. யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். நோய் உறுதியானவரிடம் ஏ.சி.டி.எச். மிகக் குறைந்திருந்தால் கோளாறு அட்ரினலில். குறையாதிருந்தால் பிட்யூட்டரியிலோ வேறிடக் கட்டியிலோ. இவ்விரண்டையும் பிரிக்க, பிட்யூட்டரியிலிருந்து வடியும் நரம்புவழி ரத்தத்தையும் கை ரத்தத்தையும் ஒப்பிடும் முறையின் பயனை 1991இல் எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டு குழுவினர் நிலைநாட்டினர்.

எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வெயில் காயும் வானம் பார்த்த பூமி. இங்கே ஒரு செய்தி முக்கியம். ஏ.சி.டி.எச். வெப்பத்தில் விரைவில் சிதையும். எடுத்த ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்து, குளிர்நிலையிலேயே பிரிக்க வேண்டும். மதுரைக்குப் போகும் வழியில் மாதிரி சூடானால் அளவு பொய்யாகக் குறைந்து, பிட்யூட்டரி நோயை அட்ரினல் நோயாகக் காட்டிவிடும்.

இன்னொன்று: இந்நோய்க்குறிக்கு மிகப் பொதுவான காரணம் கட்டியன்று, மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை. அப்போது உடலின் சொந்தக் கார்டிசாலும் ஏ.சி.டி.எச்.சும் பொதுவாகக் குறைந்திருக்கும். ஆகவே எந்தப் பரிசோதனைக்கும் முன் கேட்க வேண்டியது, “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்பதே. அம்மாத்திரையைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உறங்கிய அட்ரினல் விழிக்க நாளாகும். மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.