ஆய்வு விலங்கு ஒளிப்படம்

ஆய்வு விலங்கு ஒளிப்படம் என்பது ஆய்விலும் கற்பித்தலிலும் பயன்படுத்தப்படும் விலங்குகளைப் படம்பிடித்துப் பதிவு செய்வதாகும். விலங்கிற்குத் துன்பம் நேராமலும், பார்ப்பவர் தவறாகப் பொருள்கொள்ள இடமளிக்காமலும் எடுப்பதே பொறுப்பான முறையாகக் கருதப்படுகிறது.

எடுக்கும் முறை

படத்திற்காக மட்டும் விலங்கின் மீது எந்தச் செயன்முறையும் மேற்கொள்ளலாகாது. வெண்ணிற எலிகளின் கண்களில் மெலனின் நிறமி இல்லாததால் கடும் ஒளி அவற்றின் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். ஆகவே வலுவான விளக்குகளை நெடுநேரம் பயன்படுத்துவது தவிர்க்கப்படுகிறது. வாலைப் பிடித்துத் தூக்குவது சுண்டெலிகளின் அச்சத்தை மிகுவிக்கிறது என்றும், குழாயிலோ குவித்த கைகளிலோ எடுப்பது அதைக் குறைக்கிறது என்றும் 2010 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வாலைப் பிடித்திருக்கும் படத்தைப் பாடநூலில் காணும் மாணவர் அதையே சரியான முறையெனக் கற்றுக்கொள்வர்.

படவிளக்கம்

விளக்கமின்றிப் பரவிய படத்திற்கு 'வக்கான்டி சுண்டெலி' சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். முதுகில் மனிதக் காது போன்ற உருவம் கொண்ட இச்சுண்டெலி பற்றிய அமெரிக்க ஆய்வுக்கட்டுரை 1997 இல் வெளியானது. படம் மட்டும் மின்னஞ்சல்களில் தனியே பரவியது. 1999 இல் மரபணுப் பொறியியலை எதிர்த்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளியிடப்பட்ட விளம்பரத்திலும் அது இடம்பெற்றது. உண்மையில் அவ்வாய்வில் மரபணு மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. மனித உயிரணுக்களும் பயன்படுத்தப்படவில்லை. காது வடிவில் அமைந்த, உடலில் சிதையக்கூடிய பல்லுறுப்பிச் சட்டகத்தில் மாட்டின் குருத்தெலும்பு உயிரணுக்கள் இடப்பட்டு, நோயெதிர்ப்பாற்றல் குறைந்த சுண்டெலியின் தோலுக்கடியில் வைக்கப்பட்டன.

எனவே விலங்கின் இனம், செய்யப்பட்ட செயன்முறை, அதன் நோக்கம், விலங்கு மயக்கநிலையில் இருந்ததா என்பது, எடுத்த ஆண்டு ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்தே வெளியிடுதல் வேண்டும்.