அச்சும் பாட்டும் ஒரே ஒழுங்கு: டேம் ஹில்டலித் கம்மிங்கை ஏற்காட்டிலிருந்து வாசித்தல்

டேம் ஹில்டலித் கம்மிங் (1909–1991) இங்கிலாந்தில் வூஸ்டர் நகருக்கு அருகிலிருந்த ஸ்டான்புரூக் மடத்துக் கன்னியர். புனித ஆசீர்வாதப்பர் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் பெனடிக்டின் சபையைச் சேர்ந்தவர். மடம் புகுமுன் பியானோக் கலைஞர். 1950களின் நடுவில் மடத்து அச்சகப் பொறுப்பு அவரிடம் வந்தது; நேர்த்தியான அச்சுக்குப் பேர்போன தனியார் அச்சகமாக அதை அவர் வளர்த்தார். இசையை முன்கதையாகவும் அச்சைப் பின்கதையாகவும் இவ்வாழ்வைப் பிரித்துவிடுவது எளிது. அப்பிரிவு பொருந்தாது. ஸ்டான்புரூக்கில் அச்சே பாட்டின் தேவையிலிருந்து பிறந்தது. கம்மிங்கின் அச்சுக்கோப்பிலும் அந்தப் பாட்டின் ஒழுங்குதான் தொடர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குச் சேர்வராயன் மலை நல்ல ஒப்பீட்டுக் களம். அம்மலைமேலுள்ள ஏற்காட்டில் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894இல் திரு இருதயக் கான்வென்ட்டைத் தொடங்கினர். அச்சபையின் வேலை பள்ளியும் பராமரிப்பும். சேலம் மறைமாவட்டம் 1930இல்தான் உருவானது; கான்வென்ட் தொடங்கியபோது அப்பகுதி புதுச்சேரியின் திருச்சபை ஆளுகையில் இருந்தது. மூசே, துய்ப்புயி ஆகியோரின் தமிழ்–பிரெஞ்சு அகராதியை வெளியிட்ட மிஷன் அச்சகமும் புதுச்சேரியில்தான் இருந்தது. மலைமேல் கற்பிப்பவர்கள் ஓரிடம், அச்சிடுபவர்கள் வேறிடம். ஸ்டான்புரூக் கன்னியரோ மதிலைத் தாண்டாத தியான வாழ்வினர். நாள்தோறும் பலமுறை கூடித் திருப்பாடல்களைப் பாடுவதே அவர்களின் முதற்கடமை, கையுழைப்பு அடுத்தது. பாடுவதற்குப் புத்தகம் வேண்டும். செய்வதற்குக் கைத்தொழில் வேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் ஒரே கூரையின்கீழ் தீர்த்தது அச்சகம்.

அச்சகத்தை 1876இல் தொடங்கியவர் மடத்தின் ஆன்மகுருவான லாரன்ஸ் ஷெப்பர்டு. பிரான்சின் சொலெம் மடம் பழைய ஏட்டுப்படிகளை ஒப்பிட்டுக் கிரகோரியப் பாடலை மீட்டுக்கொண்டிருந்த காலம் அது. அம்முயற்சியின் ஆங்கிலக் குரலாக ஸ்டான்புரூக் அமைந்தது. பின்னாளில் மடத்தலைவியான லாரென்ஷியா மக்லாக்லன் எழுதிய கிரகோரியப் பாடல் இலக்கணம் 1905இல் வெளிவந்தபோது, ஆசிரியர் பெயராக ‘ஸ்டான்புரூக்கின் ஒரு பெனடிக்டினர்’ என்பது மட்டுமே நின்றது.

கிரகோரியப் பாடலை அச்சுக்கோப்பது எளிய வேலையன்று. நான்கு கோடுகள், அவற்றின்மேல் சதுரச் சுரங்கள், தாளக்கட்டு கிடையாது. ஓரசைக்கு ஒரே சுரமும் வரலாம், சுரங்களின் கோவையும் வரலாம். கோவையின் தொடக்கத்துக்கு நேர்கீழே அசை நிற்க வேண்டும். சுரக்கோவை நீண்டால் சொல்லைப் பிளந்து, சிறுகோடிட்டு, அடுத்த அசையைத் தள்ளி வைக்க வேண்டும். அசை இடம் தவறினால் பாடுவோரில் ஒருத்தி முந்துவாள், இன்னொருத்தி பிந்துவாள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கம்பாசிட்டர் செருகும் வெற்று ஈயத் துண்டின் அளவை இங்கே செவிதான் முடிவு செய்கிறது.

இப்பயிற்சியின் தடத்தைக் கம்மிங் அச்சிட்ட, இசைக்குறி இல்லாத நூல்களிலும் காணலாம். சீக்ஃப்ரீட் சசூனின் கவிதைத் தொகுப்பான ‘சமாதானத்துக்கான பாதை’ 1960இல் 500 படிகளாக வெளிவந்தது. அதற்கு எடுத்தாண்ட எழுத்து, டச்சுக்காரரான யான் வான் கிரிம்பென் வடித்த கான்செலரெஸ்கா பாஸ்தர்தா. கையெழுத்துச் சாய்வும் நீண்ட கொம்புகளும் உடைய இவ்வெழுத்து, வரிகளுக்கிடையே தாராளமான வெற்றிடம் கேட்பது. சிக்கனம் பார்க்கும் அச்சுக்காரர் இதைத் தொடமாட்டார். பாட்டில் மூச்சுக்கு விடும் இடத்தைப் போலவே தாளின் வெண்மையையும் பொருளுடையதாகக் கொண்டவருக்கே இத்தேர்வு இயல்பாகும்.

இசைக்காக அச்சை வளைத்த வரலாறு நமக்கும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கரான அ. மு. சின்னசாமி முதலியார் 1890களில் கருநாடக இசையை ஐரோப்பியச் சுரக்குறியில் வெளியிடத் தம் கைப்பொருளைச் செலவிட்டார். அவருடைய தூண்டுதலும் சேர்ந்து, சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்தில் அச்சேறியது. கமகங்களைக் காட்டத் தனிக் குறிகள் தேவைப்பட்டன. இங்கும் பாட்டின் நுட்பமே அச்சைத் திருத்தியது. ஆனால் எட்டயபுரத்துப் பணிக்குச் சமஸ்தானம் துணைநின்றது. சின்னசாமி முதலியாரின் முயற்சி ஒரு மனிதரின் செல்வத்தோடு கட்டுண்டிருந்தது. ஸ்டான்புரூக்கில் பாடுபவர்களே அச்சிட்டார்கள். ஒருவர் மறைந்தாலும் அடுத்தவர் கையில் வேலை தொடரும் அமைப்பு, 1876 முதல் கம்மிங்கின் காலம்வரை நீடித்தது.

ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். மடத்துக் கைவினைஞர் பணிவோடு வேலை செய்யவும், பிறரினும் சற்றுக் குறைந்த விலைக்கே பொருளை விற்கவும் பெனடிக்டின் ஒழுங்குநூலின் 57ஆம் அதிகாரம் பணிக்கிறது. சேகரிப்பாளர் தேடிவரும் 500 படிப் பதிப்பு இதற்கு முரணல்லவா? விலையளவில் முரண் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைத்தரத்தில் முரண் இல்லை. கேட்பவர் எவரும் இல்லாவிட்டாலும் திருப்பாடலைக் குறைவின்றிப் பாடும் சமூகம், வாங்குபவர் சிலரே என்பதற்காகத் தாளில் குறை வைக்காது.

ஆகவே மடங்களின் அச்சு வரலாற்றை எழுதுபவர் வெளியீட்டுப் பட்டியலோடு நிற்கலாகாது. அங்கே என்ன பாடினார்கள், எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள், அதை அச்சுக்கோத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். ஏற்காட்டுக் கான்வென்ட்டிடம் இக்கேள்விகளை வைத்தால் பாட்டு ஓரிடத்திலும் அச்சு வேறிடத்திலும் நின்ற ஒரு மிஷன் அமைப்பு தெரியவரும். ஸ்டான்புரூக்கில் அவை ஒரே கையில் சேர்ந்ததை விளக்கத் தனிமனிதத் திறமை மட்டும் போதாது; அத்திறமைக்கு இடம் கொடுத்த வழிபாட்டு ஒழுங்கையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.