உயிர்ப்பாறை (கடல்நீர் மீன்தொட்டி)

உயிர்ப்பாறை என்பது கடல்நீர் மீன்தொட்டிகளில் இடப்படும், நுண்ணுயிர்களும் சிறு கடலுயிர்களும் குடியேறிய நுண்துளைப் பாறை ஆகும். பாறைக்கு உயிர் இல்லை. அதன் மேற்பரப்பிலும் துளைகளிலும் வாழும் பாக்டீரியா, பாசி, கடற்பஞ்சு, புழு முதலியவற்றாலேயே இப்பெயர் வந்தது. பெரும்பாலும் இது இறந்த பவளங்களின் சுண்ணாம்புக்கூட்டால் ஆனது. மீன் வளர்ப்போரிடையே இது லைவ் ராக் என்று வழங்குகிறது. இப்பாறை தொட்டிநீரைத் தூய்மை செய்யும். அதேவேளை, வேண்டாத உயிரிகளையும் தன்னோடு கொண்டுவரும். இந்தியாவில் இதனைக் கடலிலிருந்து எடுப்பதற்குச் சட்டத் தடையும் உள்ளது.

வரலாறு

இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டும் கொண்டு கடல்மீன்களை வளர்க்கும் முறையை 1961 ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். பின்னர் 1970களில் செருமனியின் பெர்லின் நகரில், உயிர்ப்பாறையுடன் புரதப் பிரிப்பானையும் வலுவான ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை உருவானது. இது பெர்லின் முறை எனப்படுகிறது. பிசி, தொங்கா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து இப்பாறை ஏற்றுமதியானது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாப் பகுதிக் கூட்டாட்சிக் கடலில் இயற்கையான உயிர்ப்பாறையை எடுப்பது 1990களில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக, உலர்ந்த பாறையைக் கடலில் இட்டு உயிர்கள் படிந்தபின் எடுக்கும் வளர்ப்பு முறை அங்கு வழக்கிற்கு வந்தது.

செயற்படும் முறை

மீன்களின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு நஞ்சு. பாறையின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பாறையின் உட்பகுதியில் உயிர்வளி குறைவு. அங்கு வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வளிமமாக மாற்றி வெளியேற்றுகின்றன. ஆகவே பாறை எந்த அளவுக்கு நுண்துளை உடையதோ அந்த அளவுக்குப் பயன் தரும். ஒரு லிட்டர் நீருக்கு 100 முதல் 200 கிராம் பாறை என்பது வளர்ப்போர் பின்பற்றும் பழைய கணக்கு. எடையைவிடத் துளைகளின் மிகுதியே முதன்மையானது என்பதால் இக்கணக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே.

இந்தியாவில் சட்டநிலை

இந்தியக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதலாம் அட்டவணையில் பவளப்பாறை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் 2001 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி, கடல் அட்டை ஆகியவையும் அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும் பவளங்கள் முதலாம் அட்டவணையிலேயே உள்ளன. முதலாம் அட்டவணை உயிர்கள் தொடர்பான குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் தண்டமும் உண்டு. கடற்கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை வீட்டிற்கு எடுத்துச் செல்வதும் இச்சட்டத்தின்கீழ் சிக்கலாகும். வெளிநாட்டிலிருந்து வரும் கற்பவளங்களும் அவற்றாலான உயிர்ப்பாறையும் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் அடங்குவதால் உரிய அனுமதி ஆவணங்கள் வேண்டும்.

இக்கட்டுப்பாட்டின் தேவையை மன்னார் வளைகுடா காட்டுகிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட இப்பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் இங்கு நெடுங்காலம் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கியதற்கு இவ்வெட்டும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

உள்நாட்டில் தொட்டி அமைத்தல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாரூர் போன்ற ஊர்களிலிருந்து கடற்கரை 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தென்பெண்ணை நீர் பெறும் ஏரியைக் கொண்ட பாரூர், நன்னீர் மீன் வளர்ப்புக்கு அறியப்பட்டது. இத்தகைய இடத்தில் கடல்நீர்த் தொட்டி அமைப்போர் நீர், பாறை, வெப்பநிலை ஆகிய மூன்றையும் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

நீர்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடும் கரைந்த உப்புகளும் பல இடங்களில் மிகுதி. எனவே ஆழ்துளைக் கிணற்று நீரில் நேரடியாகச் செயற்கைக் கடலுப்பைக் கரைக்கக் கூடாது. எதிர் சவ்வூடுபரவல் முறையில் தூய்மை செய்த நீரையே பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பில் சோடியம் குளோரைடு தவிர்ந்த கடல்நீரின் பிற உப்புகள் போதிய அளவில் இல்லாததால் அது பயன்படாது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும்.

நீரின் அளவுகள் பொதுவாகப் பின்வருமாறு இருத்தல் நலம்:

- ஒப்படர்த்தி: 1.026 (உப்பளவு ஆயிரத்தில் 35 பங்கு)
- வெப்பநிலை: 24 முதல் 27 பாகை செல்சியசு
- காரகாடித்தன்மைச் சுட்டெண்: 8.0 முதல் 8.4
- கால்சியம்: லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்
- அம்மோனியா, நைத்திரைற்று: 0

பாறை: கிருஷ்ணகிரி கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. எனினும் கருங்கல்லில் நுண்துளைகள் இல்லாமையால் அது உயிர்ப்பாறைக்கு மாற்றாகாது. நுண்துளை கொண்ட பீங்கான் பாறைகளும் சிமென்ட் பாறைகளும் மாற்றாகப் பயன்படுகின்றன. வெள்ளைச் சிமென்ட், கோழித் தீவனத்திற்கு விற்கப்படும் கிளிஞ்சல் துகள், கல்லுப்பு ஆகியவற்றைப் பிசைந்து வீட்டிலேயே பாறை செய்யலாம். காய்ந்தபின் நீரில் இட்டால் உப்பு கரைந்து துளைகள் உண்டாகும். புதிய சிமென்ட் நீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்தும். அதனால் நீரை அடிக்கடி மாற்றி, காரத்தன்மை தணியும்வரை ஒரு மாதம் முதல் இரண்டு மாதம்வரை ஊறவைக்க வேண்டும்.

வெப்பநிலை: ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு வெப்பம் மட்டானது. தாழ்ந்த பகுதியான பாரூரில் கோடையில் தொட்டிநீர் 30 பாகையைக் கடக்கக்கூடும். சிறு தொட்டிகளுக்கு நீர்ப்பரப்பின்மேல் வீசும் மின்விசிறியே சில பாகைகளைக் குறைக்கும். பெரியவற்றுக்குக் குளிரூட்டி தேவை. மின்தடையின்போது உயிர்வளி குறைந்து மீன்கள் இறக்கும் என்பதால் மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டி ஒன்றை வைத்திருக்க வேண்டும்.

முதிர்ச்சியடைதல்

உலர்ந்த பாறையை இட்ட தொட்டியில் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் அல்லது அதற்கும் கூடுதலாகலாம். சிறிதளவு மீனுணவை அழுகவிட்டோ, நறுமணமும் சவர்க்காரமும் சேராத அம்மோனியாக் கரைசலைச் சேர்த்தோ இதனைத் தொடங்கலாம். புட்டியில் விற்கப்படும் பாக்டீரியாக்கள் காலத்தைக் குறைக்கும். முதலில் அம்மோனியாவும், பின் நைத்திரைற்றும் உயர்ந்து, இரண்டும் சுழியமானபின் முதல் மீனை விடலாம். தொடக்கத்திற்கு வளர்ப்பகத்தில் பொரித்த கோமாளி மீன்கள் ஏற்றவை. மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களில் உள்ள மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்களிலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் இம்மீன்களின் இனப்பெருக்க முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன.

ஒட்டிவரும் உயிரிகள்

உலர்ந்த பாறையில் தொடங்கிய தொட்டிக்கும் வேண்டாத உயிரிகள் வரக்கூடும். பிறர் தொட்டியிலிருந்து பெற்ற பாறைத்துண்டு, பாசி, நத்தை ஓடு, வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றின் வழியே இவை வருகின்றன. ஆனால் ஒட்டிவருபவை அனைத்தும் தீயவை அல்ல.

நன்மை தருபவை: இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி, துடுப்புக்காலிகள், சிறு நொறுங்கு விண்மீன்கள், கடற்பஞ்சுகள், கழிவுண்ணும் சிறு முட்புழுக்கள். முட்புழுக்களைக் கண்டதும் பலர் அஞ்சி அகற்றுவர். இவற்றுள் பெரும்பாலானவை எஞ்சிய உணவை உண்டு தொட்டியைத் தூய்மை செய்பவை. எனினும் இவற்றின் முட்கள் தோலில் குத்தி எரிச்சல் உண்டாக்கும் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது.

தீமை தருபவை:

- ஐப்டேசியா: பழுப்பு நிறச் சிறு கடற்சாமந்தி. பவளங்களைக் கொட்டும். கத்தியால் வெட்டினால் எஞ்சிய துணுக்கிலிருந்து மீண்டும் வளர்ந்து பலவாகப் பெருகும். கால்சியம் ஐதராக்சைடுக் குழம்பையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊசியால் அதன் வாய்க்குள் செலுத்திக் கொல்லலாம். பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தை ஐப்டேசியாவை மட்டுமே உண்டு வாழும்.
- மாண்டிசு இறால்: பாறைக்குள் மறைந்திருந்து இரவில் நத்தை, நண்டு, மீன் ஆகியவற்றைத் தாக்கும். சொடுக்குவது போன்ற ஒலி இதன் அடையாளம். உள்ளே செல்ல எளிதாகவும் வெளியேற அரிதாகவும் உள்ள புட்டிப்பொறியில் இரை வைத்துப் பிடிக்கலாம்.
- மயிரடர்ந்த நண்டுகள்: கால்களில் மயிரும் கருத்த இடுக்கி முனையும் உடையவற்றுள் பல ஊனுண்ணிகள். சாய்த்து வைத்த கண்ணாடிக் குவளையில் இரையிட்டால் உள்ளே இறங்கி, ஏற இயலாமல் சிக்கும்.
- குமிழ்ப்பாசி: பச்சை மணி போன்றது. தொட்டிக்குள் வைத்து உடைத்தால் பரவக்கூடும் என்பதால் பாறையை வெளியே எடுத்துக் களைவது நன்று.
- வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணி: கண்ணுக்குத் தெரியாத உறைகளாகப் பாறையில் ஒட்டி வரும். மீன் இல்லாத தொட்டியில் பாறையை ஏறத்தாழ 11 வாரங்கள் வைத்திருந்தால் இது அழியும்.

புதிய பாறையை 1.035 ஒப்படர்த்தி கொண்ட உப்புமிகு நீரில் சில நிமிடங்கள் மூழ்கவைத்தால் நண்டு, இறால், புழு முதலியன வெளியேறும். நன்னீரில் நெடுநேரம் ஊறவைத்தால் பயனுள்ள உயிர்களும் இறந்து அழுகி அம்மோனியாவைப் பெருக்கும். செப்பு கலந்த மருந்துகள் முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும் என்பதால் பாறை உள்ள தொட்டியில் இடக் கூடாது.

நஞ்சு பற்றிய எச்சரிக்கை

ஒட்டிவரும் உயிரிகளைக் கொல்லும் நோக்கில் பாறையைக் கொதிக்கவைப்பது உயிருக்கு ஆபத்தானது. பாலித்தோவா என்னும் மொட்டுயிர்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். இது 1971 ஆம் ஆண்டு ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்டது. கொதிக்கும் நீரின் ஆவி வழியாக இந்நஞ்சைச் சுவாசித்து, ஒரே வீட்டிலுள்ள பலர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. பாறையைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். கையில் புண் இருப்பின் தொட்டிக்குள் கையிடலாகாது. பாறையைக் கையாண்டபின் மூச்சுத்திணறல், நாவில் உலோகச் சுவை, தசைவலி, காய்ச்சல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, பாறையைக் கையாண்டதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வெளியேற்றும் முறை

அகற்றிய உயிரியையோ பாசியையோ கடலிலும் ஏரியிலும் விடக் கூடாது. மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலெர்பா டாக்சிபோலியா என்னும் பாசி 1984 இல் மொனாக்கோ கரையில் காணப்பட்டு, பின் நடுநிலக்கடலின் பல பகுதிகளில் பரவியது. அதே பாசி 2000 இல் கலிபோர்னியாவில் காணப்பட்டு, பெருஞ்செலவில் அழிக்கப்பட்டு, 2006 இல் முற்றும் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் நன்னீர்நிலைகள் பலவற்றில் தொட்டி துடைப்பான் எனப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி பரவியதற்கும் மீன்தொட்டி வணிகமே காரணம்.

கடலுயிர் நன்னீர் ஏரியில் பிழைக்காது என்றாலும், தொட்டியின் உப்புநீர் கிணற்றையும் வயலையும் கெடுக்கும். ஆதலால் உப்புநீரைப் பாசன வாய்க்காலில் விடாமல் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். அகற்றிய உயிரிகளை உறையவைத்தோ வெயிலில் நன்கு உலர்த்தியோ குப்பையில் சேர்க்கலாம். மொட்டுயிர்கள் ஒட்டிய பாறையை மட்டும் உலர்த்தாமல், ஈரமாகவே உறையிட்டு மூடி அகற்ற வேண்டும். உலர்ந்த துகளிலும் நஞ்சு எஞ்சியிருக்கும்.

இவற்றையும் பார்க்க

- பவளப் பாறைகள்
- மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா
- நைதரசன் சுழற்சி
- பாரூர்