மர உயரத்தில் காத்திருக்கும் பகை

2025 ஆகஸ்ட் 21. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாகாணத்தில் அமால்ஃபி என்ற மலைப்பகுதி. கோக்கா செடிகளை அழிக்கும் பணியில் இருந்த காவலர்களுக்காக வந்திருந்தது போலீஸ் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று. அதை வெடிமருந்து சுமந்த டிரோன் தாக்கியது. 13 காவலர்கள் இறந்துபோனார்கள். பழைய ஃபார்க் கிளர்ச்சி இயக்கத்திலிருந்து பிரிந்த ஒரு குழுவின் வேலை இது என்றது அரசு.

பிளாக் ஹாக், துப்பாக்கிக் குண்டுக்குப் பயந்து உருவாக்கப்பட்ட இயந்திரம். வியட்நாமில் இழந்த ஆயிரக்கணக்கான ஹெலிகாப்டர்களிலிருந்து பாடம் கற்று, குண்டடி பட்டாலும் பறக்க வேண்டும் என்று வடிவமைத்தது அமெரிக்கா. சென்ற வாரம் 1986இல் ஜலாலாபாத் அருகே சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்திய ஸ்டிங்கர் தோள் ஏவுகணையைப் பார்த்தோம். அதை வாங்கவும், பழகவும், மலைக்கணவாய் வழியே கடத்திவரவும் ஒரு வல்லரசே பின்னால் நிற்க வேண்டியிருந்தது. அமால்ஃபியில் எந்த வல்லரசும் நிற்கவில்லை. இந்தத் தொடரில் இதுவரை எழுதிய எதையும்விட என்னைக் கலங்கவைப்பது இதுதான்.

டிரோனால் ஒரு ஹெலிகாப்டரைக் குறிவைத்து வீழ்த்த முடியுமா? சில வருடங்களுக்கு முன்புவரை நிபுணர்கள் பலர் தலையை ஆட்டி மறுத்திருப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது.

2017 செப்டம்பர் 21 மாலையில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஒன்று பறந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் பொழுதுபோக்காக விட்ட ஃபேன்டம் 4 டிரோன் அதன்மேல் மோதியது. ஒன்றரைக் கிலோகூட இல்லாத பொருள். மேல் விசிறியின் இறக்கையில் பள்ளம் விழுந்தது. டிரோனின் மோட்டார் ஒன்று ஹெலிகாப்டரிலேயே சிக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. ஆனால் ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கிவிட்டது. ஆக, வெறும் மோதலால் இதைச் சாய்ப்பது கடினம். மோதும் பொருளோடு வெடிகுண்டும் வர வேண்டும், படக்கூடாத இடத்தில் படவும் வேண்டும்.

அந்த இடம் எது என்பதை 1993 அக்டோபர் 3 அன்று மொகதிசுவின் தெருக்கள் காட்டிக்கொடுத்தன. டாங்கிகளை உடைக்கச் செய்யப்பட்ட ஆர்.பி.ஜி-7 ராக்கெட்டுகளைத் தோளில் வைத்துக்கொண்டு சோமாலியப் போராளிகள் கூரைகளிலும் சந்துகளிலும் நின்றார்கள். நகரத்தின் மேல் தாழ்வாகவும் மெதுவாகவும் வட்டமடித்த பிளாக் ஹாக்குகளில் இரண்டின் வால் பகுதியில் அடி விழுந்தது. வால் விசிறி போனால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்துவிடும், எத்தனை திறமையான பைலட்டாலும் அதன்பிறகு அதிகம் செய்ய முடியாது. அன்றைய சண்டையில் அமெரிக்கர்கள் 18 பேர் இறந்தார்கள். சோமாலியர்கள் இறந்தது பல நூறு பேர். அவர்கள் பெயரை எந்தச் சினிமாவும் சொல்லவில்லை.

ஆர்.பி.ஜி.க்கு ஒரு பெரிய குறை உண்டு. விட்ட அம்பு விட்டதுதான், வழியில் திரும்பாது. ஓடும் இலக்கின் மேல் சில நூறு மீட்டருக்கு அப்பால் அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். உக்ரைன் போரில் எஃப்.பி.வி. டிரோன் தீர்த்துவைத்தது இந்தக் குறையைத்தான். பந்தயத்துக்குச் செய்த நான்கு விசிறி டிரோன். அதன் வயிற்றில் கட்டப்படுவது பெரும்பாலும் அதே ஆர்.பி.ஜி.யின் முனைக்குண்டு. கண்ணாடி மாட்டிக்கொண்டு பல கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர், டிரோனின் கேமரா வழியே பார்த்துக்கொண்டே கடைசி நொடிவரை அதைத் திருப்பலாம். விலை சில நூறு டாலர்.

இப்போது ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1972இல் வியட்நாமில் ஸ்ட்ரெலா என்ற சோவியத் தோள் ஏவுகணை வந்து சேர்ந்தது. இயந்திரத்தின் சூட்டை மோப்பம் பிடித்து வரும் ஏவுகணை. அதற்குத் தப்ப ஹெலிகாப்டர் பைலட்டுகள் கண்ட வழி, மரங்களின் தலையை உரசுவதுபோல் தாழப் பறப்பது. மேடு, பள்ளம், ஆற்றுப்படுகை எல்லாவற்றையும் மறைவாக்கிக்கொண்டு நழுவுவது. ரேடார் பார்க்காது, ஏவுகணைக்காரனுக்கும் குறிவைக்க நேரம் கிடைக்காது. அரை நூற்றாண்டாக உலகின் ராணுவ ஹெலிகாப்டர் பள்ளிகள் பலவும் இதையே சொல்லிக்கொடுத்தன. தரைதான் தாய்மடி என்று ஒரு தலைமுறையே நம்பியது.

எஃப்.பி.வி. டிரோன் வாழ்கிற உயரமும் அதுவே.

தற்காப்புக் கருவிகளும் இங்கே கைகொடுப்பதில்லை. ஹெலிகாப்டர் உதிர்க்கும் தீப்பொறி உருண்டைகள், சூட்டைத் தேடிவரும் ஏவுகணையை ஏமாற்ற வைத்தவை. டிரோன் சூட்டைத் தேடி வருவதில்லை, அதை ஓட்டுவது ஒரு மனிதரின் கண். ரேடியோ அலையைக் குழப்பும் ஜாமரை வைக்கலாம். ஆனால் மயிரிழை போன்ற கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் 2024 முதல் களத்தில் பெருகிவிட்டன. கம்பி வழியே பேசுகிறவனை ஜாமர் என்ன செய்யும்?

அப்படியென்றால் ஏன் தினமும் ஹெலிகாப்டர்கள் விழவில்லை? கரிச்சான் குருவி பருந்தை விரட்டுவதுபோல டிரோன் ஹெலிகாப்டரைத் துரத்தும் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். துரத்த முடியாது. குண்டு சுமந்த எஃப்.பி.வி. மணிக்கு 100 முதல் 150 கிலோமீட்டர் போகும். எம்.ஐ-8 ஹெலிகாப்டர் 250 கிலோமீட்டரைத் தொடும். பேட்டரியும் சில நிமிடங்களுக்குத்தான். மேல் விசிறி கீழே தள்ளும் காற்று, பக்கத்தில் வரும் சின்ன டிரோனைப் புரட்டிப்போடக்கூடியது. ஆகவே டிரோன்காரருக்கு இருக்கும் ஒரே வழி பதுங்கிக் காத்திருப்பது. ஹெலிகாப்டர் எந்தப் பாதையில் வரும், எங்கே இறங்கும், ராக்கெட் வீச எங்கே மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இது உளவுப்பணியும் பொறுமையும் கேட்கும் வேட்டை.

2022 மே மாதம் கருங்கடலின் பாம்புத் தீவில் வீரர்களை இறக்கிக்கொண்டிருந்த ரஷ்ய எம்.ஐ-8ஐ உக்ரைனின் பைரக்தார் டிரோன் குண்டு வீசி அழித்தது. ஆனால் அது தரையில் நின்ற ஹெலிகாப்டர். 2024 ஆகஸ்டில் கூர்ஸ்க் பகுதியில், பறந்துகொண்டிருந்த எம்.ஐ-28இன் வால் விசிறியை எஃப்.பி.வி. டிரோன் நெருங்கிய வீடியோவை உக்ரைன் வெளியிட்டது. மோதிய கணத்தோடு படம் முடிகிறது. ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 29 அன்று, தொனெத்ஸ்க் பகுதியின் கோத்லியாரிவ்கா அருகே பறந்த எம்.ஐ-8ஐ எஃப்.பி.வி.யால் வீழ்த்தியதாக உக்ரைனின் ஆளில்லாப் படை அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் மியான்மரின் கச்சின் மாநிலத்தில் ஷ்வேகு என்ற இடத்தில் ராணுவ ஹெலிகாப்டரை டிரோனால் தாக்கியதாகக் கச்சின் விடுதலை ராணுவமும் சொன்னது. போர்க்காலத்தில் இரு தரப்பும் கூட்டிக்குறைத்துப் பேசும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கேள்விக்கு ‘முடியும்’ என்ற பதில் மிஞ்சுகிறது.

இன்னொரு பாதையும் உண்டு: டிரோனே ஏவுகணை சுமப்பது. அமெரிக்கா இதை 2002 டிசம்பரிலேயே முயன்றது. ஈராக்கின் மேல் பிரிடேட்டர் டிரோனில் ஸ்டிங்கரைப் பொருத்தி அனுப்பினார்கள். மிக்-25 போர் விமானம் ஒன்றோடு அது எதிர்ப்பட்டு இரண்டும் ஏவுகணை விட்டன. விழுந்தது பிரிடேட்டர். அந்தப் பாதையில் வெற்றி கிடைக்க 22 வருடம் ஆனது, அதுவும் வானத்திலிருந்து அல்ல, தண்ணீரிலிருந்து. உக்ரைனின் மகுரா கடல் டிரோன்களை வேட்டையாட ரஷ்யா ஹெலிகாப்டர்களை அனுப்பிவந்தது. மேலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டால் படகு மூழ்கும், திருப்பிச் சுட அதில் ஆளில்லை. 2024 டிசம்பர் 31 அன்று கிரிமியாவின் தர்ஹான்குத் முனை அருகே அப்படி வந்த எம்.ஐ-8ஐ நோக்கி, மகுராவிலிருந்து ஆர்-73 ஏவுகணை கிளம்பியது. ஒரு ஹெலிகாப்டர் அழிந்தது, இன்னொன்று சேதத்தோடு திரும்பியது என்றது உக்ரைன் ராணுவ உளவுத்துறை. கடலில் மிதக்கும் ஆளில்லாப் படகு வானூர்தியை வீழ்த்தியது உலகில் அதுவே முதல்முறை.

உக்ரைன் போரைப் பார்த்த நாடுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. அமெரிக்க ராணுவம் ஏறக்குறைய 200 கோடி டாலர் செலவழித்திருந்த புதிய உளவு ஹெலிகாப்டர் திட்டத்தை 2024 பிப்ரவரியில் கைவிட்டது. ஜப்பான் தாக்குதல் ஹெலிகாப்டர்களின் இடத்தில் டிரோன்களை வைக்கப்போகிறது. போலந்தோ 96 அப்பாச்சித் தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போட்டது. இந்தியா 2025 மார்ச்சில் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்குக் கையெழுத்திட்டது.

தாக்குதல் ஹெலிகாப்டருக்குப் பின்வாங்க இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரஷ்ய எம்.ஐ-28 இப்போது 14 கிலோமீட்டர் போகும் ஏவுகணையைத் தள்ளி நின்றே விடுகிறது. காயம்பட்டவரை ஏற்ற வரும் ஹெலிகாப்டர் எங்கே தள்ளி நிற்கும்? அது வந்தாக வேண்டும், இறங்கியாக வேண்டும், ஸ்ட்ரெச்சர் ஏறும்வரை காத்திருந்தாக வேண்டும். வியட்நாமில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய அந்தச் சேவை, உக்ரைன் முன்வரிசையில் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. காயம்பட்டவர்கள் இருட்டும்வரை, சிலசமயம் நாள்கணக்கில், பதுங்குகுழியில் கிடக்கிறார்கள்.

2025 டிசம்பரில், ஆர்-60 ஏவுகணை பொருத்திய ரஷ்ய கெரான் தாக்குதல் டிரோன் ஒன்றைக் கண்டதாக உக்ரைன் தெரிவித்தது. கெரான்களைச் சுட்டு வீழ்த்தப் போகும் ஹெலிகாப்டர்களுக்கும் விமானங்களுக்கும் வைத்த பொறி அது. மறுபக்கம், கெரான்களைத் தடுக்க உக்ரைன் செய்த ஸ்டிங் டிரோனின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. எந்த எம்.ஐ-8ஐயும் துரத்திப் பிடிக்கும் வேகம் அது. அந்த இடைமறிப்பு டிரோன்கள் எப்படிப் பிறந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)